மலை தந்த மாவீரர் ஜெய்பால் சிங்

பத்தாம் வகுப்பு மாணவி

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே நோக்கினால், மழை ஓய்ந்த நாள்களில் நீல நிறத்தில் நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையைக் காணலாம். கோமுகியும் மணிமுத்தாறும் அங்கேதான் பிறக்கின்றன. சாமையும் தினையும் கடுக்காயும் மரவள்ளியும் அங்கிருந்துதான் நம் சந்தைக்கு இறங்கி வருகின்றன. அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பெண்மக்களுள் சிலர் நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கின்றனர். (கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. புதிதாக வரும் சிஸ்டர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு.) ஆகவே ஆண்டு மலருக்கு ஒரு சான்றோரின் வாழ்க்கை வரலாற்றை எழுத எண்ணியபோது, எல்லோரும் எழுதும் பெயர்களை விடுத்து, மலைநாட்டில் பிறந்து உலகறிய வாழ்ந்த ஒருவரை எழுதலாம் என்று துணிந்தோம். அவரே இந்திய ஹாக்கி அணியின் முதல் ஒலிம்பிக் தலைவரான ஜெய்பால் சிங் முண்டா.

ஹாக்கி என்றதும் நம் எல்லோருக்கும் தியான் சந்த் நினைவுக்கு வருவார். அவர் பிறந்த நாளாகிய ஆகஸ்டு 29ஆம் நாளைத் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் தியான் சந்த் தம் முதல் தங்கப் பதக்கத்தை வென்றபோது அந்த அணிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டிருந்தவர் யார் என்று எங்கள் வகுப்பில் கேட்டதற்கு ஒருவருக்கும் விடை தெரியவில்லை. வினாடி வினாவில் எப்போதும் முந்திக்கொள்ளும் தோழியரும் மௌனம் சாதித்தனர்.

பிறப்பும் இளமையும்

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் குந்தி என்றொரு மாவட்டம் உண்டு. அன்று அது ராஞ்சி மாவட்டத்தின் ஒரு பகுதி. காடும் குன்றும் சூழ்ந்த அந்நாட்டில் டக்ரா என்னும் சிற்றூரில், முண்டா பழங்குடியில் பிறந்தார் நம் வீரர். பள்ளிப் பதிவேட்டின்படி அவர் பிறந்த நாள் 1903ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3ஆம் நாள். வெள்ளையரை எதிர்த்து வில்லேந்திய பிர்சா முண்டா ராஞ்சிச் சிறையில் இறந்தது 1900இல். அதாவது, அந்த மண்ணில் போராட்டத்தின் சூடு ஆறுமுன்னர்ப் பிறந்த குழந்தை இது.

பெற்றோர் இட்ட பெயர் பிரமோத் பாகன். தந்தை பெயர் அம்ரு பாகன். பாகன் என்பது முண்டா மக்களிடையே ஊர்ப் பூசாரியைக் குறிக்கும் சொல். சிறுவன் மாடு மேய்த்தான், காட்டில் திரிந்தான். பிறகு ராஞ்சியில் ஆங்கிலிகன் மிஷனார் நடத்திய புனித பவுல் பள்ளியில் சேர்க்கப்பட்டான். அங்கே அவன் பெயர் ஜெய்பால் சிங் ஆயிற்று. ஒரு பெயரை விட்டு இன்னொரு பெயரோடு வாழத் தொடங்குவது எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் சிந்தித்துப் பார்த்தோம். எங்கள் மலைத் தோழியருள் ஒருத்திக்கு வீட்டில் வழங்கும் பெயர் வேறு, வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர் வேறு. இரண்டு பெயரையும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். ஆனால் வீட்டுப் பெயருக்குத்தான் விரைவாகத் திரும்புகிறாள்!

பள்ளியின் தலைமையாசிரியரான காஸ்கிரேவ் பாதிரியார் சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டுகொண்டார். 1918ஆம் ஆண்டு, தாம் இங்கிலாந்து திரும்பியபோது ஜெய்பாலையும் உடன் அழைத்துச் சென்றார். பதினைந்து வயது, அதாவது எங்கள் வயது. மாதாந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போக முடியாவிட்டாலே விடுதியில் கண்ணீர் வடிக்கும் நாங்கள், கப்பலேறிக் கடல் கடந்த அச்சிறுவனை எண்ணி வியக்கிறோம்.

கல்லூரி மைதானத்தில்

முதலில் கான்டர்பரி நகரிலுள்ள புனித அகுஸ்தீன் கல்லூரியிலும், 1922 முதல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புனித யோவான் கல்லூரியிலும் அவர் பயின்றார். இந்தப் புனித யோவான் கல்லூரியைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் போக மனம் வரவில்லை. வேதசாட்சியாக மரித்த புனித எட்மண்ட் கேம்பியன் அக்கல்லூரியில்தான் பயின்றார். திருச்சியில் அவர் பெயரால் ஒரு பள்ளி நடைபெறுவதை நம் பெற்றோர் பலர் அறிவர். கேம்பியனுக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது 1970ஆம் ஆண்டு. ஜெய்பால் சிங் காலமானதும் அதே ஆண்டில்தான்.

ஆக்ஸ்போர்டில் அவர் பொருளாதாரம் படித்துச் சிறப்புத் தகுதியுடன் 1926இல் பட்டம் பெற்றார். ஆயினும் அவர் பெயரைப் பல்கலைக்கழகம் முழுவதும் பரப்பியது ஹாக்கி மட்டைதான்.

அக்காலத்து ஹாக்கி இன்றைய ஆட்டத்தினும் சற்று வேறானது. செயற்கைப் புல் கிடையாது. ஈரப் புல்தரையில், மரமட்டையால், தோலுறை போர்த்த பந்தை அடிக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது இரு அணியின் நடு முன்னணி ஆட்டக்காரர்களும் எதிரெதிரே நின்று, மட்டையைத் தரையிலும் எதிராளியின் மட்டையிலும் மூன்று முறை தட்டிவிட்டுப் பந்துக்குப் பாய்வர். பதினொருவருள் ஐவர் முன்னணி, மூவர் இடைநிலை, இருவர் பின்காவல், ஒருவர் கோல் காவல். ஜெய்பால் சிங் ஆடியது பின்காவல் இடத்தில். ஃபுல் பேக் என்பார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆட்டமானாலும் வேகமாக ஓடத் தெரியாதவளைப் பின்னே நிறுத்திவிடுவோம். ஜெய்பாலின் ஆட்டத்தைப் பற்றிப் படித்த பிறகு பின்காவல் என்பது எத்துணைக் கடினமான வேலை என்று தெரிந்துகொண்டோம். முன்னணிக்காரர் பத்து முறை தவறினாலும் ஒரு முறை கோல் போட்டால் புகழ் பெறுவார். பின்காவலர் பத்து முறை காத்து ஒரு முறை தவறினால் தோல்வி அவர் தலையில் விழும். அவர் பெயர் கோல் போட்டோர் பட்டியலில் வருவதே அரிது. எதிரியின் காலிலோ மட்டையிலோ படாமல் பந்தை மட்டும் நேர்த்தியாகப் பறிப்பது, பதற்றமின்றிச் சமயம் பார்த்து ஆடுவது, பறித்த பந்தை வேண்டிய இடத்துக்குக் குறிதவறாமல் ஓங்கி அடிப்பது ஆகிய மூன்றும் ஜெய்பாலின் தனிச்சிறப்புகளாகப் பேசப்பட்டன. கூர்ந்து பார்த்தால் மூன்றும் அடக்கமுள்ள ஒருவரின் குணங்களே என்பது எங்கள் கருத்து.

ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஆண்டுதோறும் நடைபெறும் போட்டியில் பல்கலைக்கழகத்துக்காக ஆடுவோர்க்கு நீலம் என்றொரு சிறப்பு வழங்கப்படும். ஆக்ஸ்போர்டுக்குக் கருநீலம், கேம்பிரிட்ஜுக்கு இளநீலம். பணமோ பதக்கமோ அன்று. அந்நிறத்தை அணியும் உரிமை மட்டுமே. ஆனால் அதைப் பெற்றவரை வாழ்நாள் முழுவதும் அப்பெயராலேயே குறிப்பிடுவர். ஹாக்கியில் ஆக்ஸ்போர்டு நீலம் பெற்ற முதல் இந்திய மாணவர் ஜெய்பால் சிங். விம்பிள்டன் ஹாக்கிக் கழகத்துக்காகவும் அவர் ஆடினார். பத்திரிகைகளில் விளையாட்டுக் கட்டுரைகளும் எழுதினார். சோட்டா நாகபுரிக் காட்டில் மாடு மேய்த்த சிறுவனின் ஆட்டத்தைக் காண ஆங்கிலேயர் கூடினர் என்றால் அது மிகையாகாது.

கலெக்டர் பதவியா, மட்டையா?

இனி வருவதுதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதத்தை எழுப்பிய பகுதி.

பட்டம் பெற்றபின் ஜெய்பால் சிங் ஐ.சி.எஸ். தேர்வில் தேறினார். இன்றைய ஐ.ஏ.எஸ். பணிக்கு முன்னோடி அது. அதில் தேறியவர் இந்தியாவில் ஒரு மாவட்டத்தையே ஆளும் கலெக்டராக வரலாம். இந்தியருள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே அப்படித் தேறிய காலம். தேறியவர்கள் பணியேற்குமுன் இங்கிலாந்தில் பயிற்சி பெற வேண்டும். ஜெய்பாலும் அப்பயிற்சியில் இருந்தார்.

அப்போது 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் நடைபெற இருந்தது. 1925இல் தொடங்கப்பெற்ற இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு முதன்முறையாக ஓர் அணியை அனுப்பத் தீர்மானித்தது. அந்த அணியின் தலைமை ஜெய்பால் சிங்கைத் தேடி வந்தது. விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. விடுப்பில்லாமலே போனார்.

ஒலிம்பிக் முடிந்து திரும்பியபோது, விடுப்பின்றிச் சென்றதற்காக மேலும் ஓராண்டு பயிற்சியில் இருக்கவேண்டும் என்றனர். அதை ஏற்க மறுத்து ஐ.சி.எஸ். பணியையே அவர் உதறிவிட்டார்.

எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அவர் செய்தது சரி என்கின்றனர். நாட்டுக்காக ஆடியதைக் குற்றம் என்று சொல்லித் தண்டிக்கும் பதவி எதற்கு என்பது அவர்கள் வாதம். மற்றப் பாதிப்பேர், அதிலும் குறிப்பாக மலையிலிருந்து வந்த தோழியர், வேறுவிதமாகச் சொல்கின்றனர். ஓராண்டுதானே? பொறுத்துக்கொண்டு கலெக்டராக வந்திருந்தால் தம் மக்களின் நிலத்துக்கும் காட்டுக்கும் எத்தனை நன்மை செய்திருக்கலாம்! நில வழக்குக்காகத் தாலுகா அலுவலகப் படியேறி இறங்கிய தந்தையரின் பெண்கள் பேசுவது அது. இருபக்கமும் நியாயம் இருப்பதாகவே எங்களுக்குப் படுகிறது. சிஸ்டரிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, இரண்டு தரப்பையும் அப்படியே எழுதிவிடுங்கள் என்றார்.

பெற்றோர்களே, பத்தாம் வகுப்பு வந்ததும் பொதுத்தேர்வைக் காட்டி எங்களை மைதானத்திலிருந்து கூப்பிட்டுக்கொள்கிறீர்கள். ஐ.சி.எஸ். தேறியவரும் ஹாக்கி ஆடியவரும் ஒருவரே என்பதை மட்டும் பணிவோடு இங்கே நினைவூட்டுகிறோம்.

ஆம்ஸ்டர்டாம், 1928

இந்தியாவிலிருந்து புறப்பட்ட வீரர்கள் 1928 மார்ச்சு 10ஆம் நாள் பம்பாயில் கைசர்-இ-ஹிந்த் என்னும் கப்பலில் ஏறினர். அவர்களை வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்தவர்கள் மூன்றே பேர். அணியில் பலர் ஆங்கிலோ இந்தியர். இராணுவத்தில் பணியாற்றிய தியான் சந்தும் இருந்தார். ஜெய்பால் சிங் இங்கிலாந்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

1908, 1920 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் ஹாக்கியில் தங்கம் வென்ற பிரிட்டன் இம்முறை அணி அனுப்பவில்லை. தாம் ஆளும் நாட்டிடம் உலகத்தார் முன் தோற்க நேருமோ என்ற அச்சமே காரணம் என்று பலர் எழுதியுள்ளனர்.

ஒன்பது நாடுகள் இரு பிரிவாக மோதின. மே 17இல் ஆஸ்திரியாவை 6-0 என்றும், மறுநாளே பெல்ஜியத்தை 9-0 என்றும், 20ஆம் நாள் டென்மார்க்கை 5-0 என்றும், 22ஆம் நாள் சுவிட்சர்லாந்தை 6-0 என்றும் இந்தியா வென்றது. நாங்கள் கூட்டிப் பார்த்தோம். நான்கு ஆட்டம், 26 கோல்கள். எதிரிகள் போட்டது ஒன்றுகூட இல்லை! தியான் சந்தின் மாயவித்தையை உலகம் பாடிற்று. ஆனால் அந்தப் பூச்சியத்தைப் பாருங்கள். பூச்சியத்தைக் காத்தவர்கள் கோல் காவலர் ரிச்சர்டு ஆலனும் பின்காவலர்களுமே. எண்களில் பூச்சியத்துக்குக் கைதட்டுவோர் எவரும் இலர்.

மே 26ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே ஹாலந்து, அதுவும் அவர்கள் சொந்த மைதானத்தில், அவர்கள் மக்கள் நிறைந்த அரங்கில். இந்திய வீரர் பலர் நோயுற்றிருந்தனர். தியான் சந்துக்கே கடும் காய்ச்சல். அத்தகைய நாளில் அணித்தலைவர் ஜெய்பால் சிங் களத்தில் இல்லை. அணியைப் பின்னிகர் என்னும் வீரர் தலைமையேற்று நடத்தினார். இந்தியா 3-0 என்று வென்று தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றது.

பதவியைப் பணயம் வைத்து வந்தவர் இறுதி ஆட்டத்தில் ஏன் ஆடவில்லை? அணியின் மேலாளர் ராசரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாடே காரணம் என்று பலரும் எழுதியுள்ளனர். இந்த இடத்துக்கு வந்தபோது எங்களுக்கு வருத்தம் மேலிட்டது. ஐ.சி.எஸ்.ஸை இழந்தது கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. எதற்காக அதை இழந்தாரோ அந்த ஆட்டத்தின் கடைசி எழுபது நிமிடமும் அவர் கைக்குக் கிட்டவில்லையே! பரிசளிப்பு விழாவுக்கு முன்தினம் காய்ச்சலில் விழுந்த எங்கள் தோழி ஒருத்தி இதைக் கேட்டு, அவருக்காக அழலாம் போலிருக்கிறது என்றாள். ஆனாலும் ஏடுகளில் 1928 அணியின் தலைவர் என்று இன்றளவும் அவர் பெயரே நிற்கிறது.

மட்டையை வைத்த பின்

நாடு திரும்பிய ஜெய்பால் சிங் கல்கத்தாவில் பர்மா ஷெல் எண்ணெய்க் குழுமத்தில் பணியாற்றினார். 1929இல் புகழ்பெற்ற மோகன் பகான் கழகத்துக்கு ஹாக்கி அணியை உருவாக்கித் தாமே தலைமையேற்று ஆடினார். வங்காள ஹாக்கிச் சங்கத்தின் செயலாளராகவும் தொண்டாற்றினார். பிறகு ஆசிரியப் பணி அவரை ஈர்த்தது. 1934இல் ஆப்பிரிக்காவில் தங்கக் கடற்கரை எனப்பட்ட இன்றைய கானா நாட்டில் அச்சிமோட்டா கல்லூரியிலும், 1937இல் ராய்ப்பூரில் அரச குமாரர்கள் படிக்கும் ராஜ்குமார் கல்லூரியிலும் பணியாற்றினார். பீகானேர் சமஸ்தானத்தில் அமைச்சராகவும் இருந்தார். இவ்வளவும் பத்தாண்டுக்குள்.

சொந்த மண்ணுக்கு அவர் உண்மையில் திரும்பியது 1939ஆம் ஆண்டு என்று சொல்லலாம். ஜனவரித் திங்களில் ராஞ்சியில் கூடிய ஆதிவாசி மகாசபை அவரைத் தலைவராக்கியது. காட்டு வழியில் கால்நடையாக நடந்து வந்த மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினர். அவருக்கு மராங் கோம்கே என்று பெயரிட்டனர். முண்டா மொழியில் பெருந்தலைவர் என்று பொருள். பிரமோத் என்றும் ஜெய்பால் என்றும் அழைக்கப்பட்டவருக்கு மூன்றாவது பெயர் இது. இதைத் தந்தவர்கள் அவர் பிறந்த மக்கள்.

1946இல் இந்திய அரசியல் நிர்ணய சபைக்கு ஜெய்பால் சிங் தேர்ந்தெடுக்கப்பட்டார். சென்னை மாகாணத்திலிருந்து அச்சபையில் அமர்ந்தவர்களுள் லொயோலா கல்லூரியின் இயேசு சபைக் குருவான ஜெரோம் டி சோசா அடிகளாரும் ஒருவர். நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது டிசம்பர் 19ஆம் நாள் ஜெய்பால் பேசினார். காட்டுமிராண்டி என்ற பொருளில் மற்றவர்கள் இழிவாகச் சொல்லும் ஜங்லி என்ற சொல்லைத் தாமே எடுத்து, தாம் ஒரு ஜங்லி என்பதில் பெருமைப்படுவதாக அவையில் கூறினார். பழங்குடி மக்களுக்கு மக்களாட்சியை நீங்கள் கற்றுத்தரத் தேவையில்லை, அவர்களிடமிருந்துதான் நீங்கள் கற்றுக்கொள்ளவேண்டும் என்ற கருத்தை எடுத்துரைத்தார். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தம் மக்கள் வஞ்சிக்கப்பட்டதைச் சொல்லிவிட்டு, ஆயினும் இனி எல்லோரும் சமம் என்ற வாக்குறுதியை நம்புவதாகவும் சொன்னார். அதே உரையில் இன்னொன்றும் கூறினார். இந்தச் சபையில் ஆண்கள் மிக அதிகம், பெண்கள் இன்னும் வேண்டும் என்றார். ஆண்கள் நிறைந்த அவையில் ஓர் ஆண்மகன் எழுந்து நின்று அதைச் சொன்னது எங்களுக்கு மிகவும் பிடித்தது.

அரசியல் சட்டத்தில் தம் மக்களை ஆதிவாசிகள், அதாவது மண்ணின் முதற்குடிகள் என்றே குறிக்க வேண்டும் என வாதாடினார். அது ஏற்கப்படவில்லை. அட்டவணைப் பழங்குடியினர் என்ற பெயரே நிலைத்தது. எங்கள் மலைத் தோழியரின் சாதிச் சான்றிதழில் இருப்பதும் அச்சொல்தான். பழங்குடியினர் மிகுந்த நிலப்பகுதிகளைக் காக்க ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் அதன்கீழ் வரும் நிலப்பகுதி எதுவும் இல்லை; பழங்குடியினர் ஆலோசனைக் குழு மட்டும் உண்டு. நம் கல்வராயன் மலையோ, அச்சட்டம் நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் ஜாகீர்தார்களின் கையில்தான் இருந்தது. 1976இல்தான் அரசு அதை ஏற்றது. அதற்கு முன்னர்க் கூலியின்றி அவர்கள் நிலத்தில் உழைத்த கதைகளை மலைத் தோழியரின் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். ராஞ்சி எங்கே, வெள்ளிமலை எங்கே என்று நாங்கள் எண்ணியிருந்தோம். பாட்டிமார் சொல்வதைக் கேட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் போலத் தோன்றுகின்றன.

ஜார்க்கண்டு என்னும் தனி மாநிலமே அவருடைய பெருங்கனவு. சேவல் சின்னத்தோடு 1952 தேர்தலில் நின்ற அவருடைய ஜார்க்கண்டு கட்சி பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களைப் பிடித்து முதன்மை எதிர்க்கட்சி ஆயிற்று. அவரும் அவ்வாண்டு முதல் இறக்கும்வரை மக்களவை உறுப்பினராக இருந்தார். 1955இல் மாநில மறுசீரமைப்புக் குழு தனி மாநிலக் கோரிக்கையை ஏற்கவில்லை. கட்சி தேய்ந்தது. 1962இல் 20 இடங்களே கிடைத்தன. 1963இல் கட்சியைக் காங்கிரசோடு இணைத்துவிட்டார். அவரைப் பெருந்தலைவர் என்று கொண்டாடியவர்களுள் பலர் அதனால் மனம் கசந்தனர். ஓங்கி அடித்துப் பந்தைக் காத்தவர் அந்த ஒரு வேளையில் மட்டும் பந்தை எதிரணிக்கே தள்ளிவிட்டாரோ என்று எங்களுக்கும் தோன்றுகிறது. பெரியோரைக் குறை சொல்வது தகாது என்று ஆசிரியை இவ்வரியை அடிக்கப் பார்த்தார். நாங்கள் மன்றாடி வைத்துக்கொண்டோம்.

1970 மார்ச்சு 20ஆம் நாள் புது தில்லியில் ஜெய்பால் சிங் காலமானார். அவருக்கு வயது 67. அவர் எழுதி வைத்த தன்வரலாறு 2004இல்தான் நூலாக வெளிவந்தது. ஜார்க்கண்டு மாநிலம் 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், பிர்சா முண்டாவின் பிறந்தநாளன்று மலர்ந்தது. ராஞ்சி நகரின் விளையாட்டரங்கு ஒன்றுக்கு ஜெய்பால் சிங்கின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

ஹாக்கியில் இந்தியா 1928 முதல் 1980 வரை எட்டுத் தங்கங்களை வென்றது. முதலாவதன் தலைவர் ஒரு முண்டா. எட்டாவதன் தலைவர் நம் தமிழகத்து பாஸ்கரன். அந்த 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கும் ஹாக்கிப் போட்டி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. நம் பெண்கள் அதில் நான்காம் இடம் பெற்றனர்.

ஜார்க்கண்டின் ஊர்ப்புறங்களில் பிள்ளைகள் இன்றும் மூங்கிலையும் மரக்கிளையையும் வளைத்து மட்டையாக்கி ஆடுகிறார்கள். வென்ற அணிக்குப் பரிசாக ஓர் ஆட்டுக்கிடாயைக் கொடுக்கும் போட்டிகளும் அங்கே உண்டு. பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். நம் பள்ளியில் எறிபந்துக்கும் வளையத்துக்கும் இருக்கும் மதிப்பு அங்கே ஹாக்கிக்கு. நம் கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானதுபோல் குந்தியும் 2007இல் தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்தில் ஹேசல் என்னும் சிற்றூரில் பிறந்த நிக்கி பிரதான் 2016ஆம் ஆண்டு ரியோ நகரில் இந்தியாவுக்காக ஆடினார். ஜார்க்கண்டிலிருந்து ஒலிம்பிக் சென்ற முதல் ஹாக்கி வீராங்கனை அவரே. இந்தியப் பெண்கள் அணி ஒலிம்பிக் ஹாக்கிக்குப் போனது அப்போது 36 ஆண்டுகளுக்குப் பிறகு.